குமிழ் வைத்த அடுப்பு

என் அக்கா குணமணி தன் அறுபத்து மூன்றாவது வயதில் ஓர் அடுப்பைத் தேர்ந்தெடுக்க ஏழு வாரம் எடுத்துக்கொண்டாள். வீடு வாங்கும்போதுகூட அவள் அவ்வளவு யோசிக்கவில்லை. புக்கிட் பாத்தோக்கில் ஒன்பதாவது மாடியிலிருந்த அந்த மூவறை வீட்டின் சமையலறைச் சன்னலைத் திறந்து, "காத்து வருது, போதும்" என்று ஒரே நாளில் முடிவு செய்தவள் அவள்.

அடுப்புக்கு ஏழு வாரம் ஆனதற்குக் காரணம் அவளுடைய கண்.

சாங்கியில் விமானச் சரக்குப் பிரிவில் முப்பத்தொரு வருடம் எழுத்தர் வேலை பார்த்தாள். ஆர்க்கிட் பூ, உயிர் மீன், இயந்திரப் பாகம், ஒரு முறை இரண்டு பந்தயக் குதிரைகள் என்று எல்லாமே அவள் மேசையில் காகிதமாக வந்துதான் வானத்துக்குப் போயின. கையெழுத்துப் போடுவதற்கு முன் தாளில் மூன்று இடங்களை விரலால் தொடுவாள்: எண், எடை, ஊர். கணினி வந்த பிறகும் திரையில் அந்த மூன்று இடங்களைத் தொட்டாள். திரை முழுக்க விரல் தடமாக இருக்கிறதென்று உடன் வேலை செய்தவர்கள் கேலி செய்தார்கள். "என் விரல் தடம் இருக்குற சரக்கு ஒண்ணும் தப்பா போனதில்ல" என்பாள்.

ஓய்வு பெற்ற இரண்டே வருடத்தில், கண்ணில் அழுத்தம் கூடுகிற நோய் அவளுடைய வலக்கண்ணை முழுவதுமாக எடுத்துக்கொண்டது. இடக்கண்ணில் ஸ்ட்ரா வழியாகப் பார்ப்பதுபோல் கொஞ்சம் மிச்சம். அதுவும் பகல் வெளிச்சம் இருந்தால்தான். அத்தான் அதற்கு முன்பே இறந்துவிட்டார். அவள் தனியாகத்தான் இருந்தாள், தனியாகத்தான் சமைத்தாள்.

அவள் ஒரே மகன் சஞ்சீவன் ஜூரோங்கில் கப்பல் கட்டும் தளமொன்றில் பாதுகாப்பு அதிகாரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவன் அவளுடைய நைட்டியின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான். ஐம்பது காசு அகலத்துக்கு ஓட்டை. ஓரம் கருகியிருந்தது.

"என்னம்மா இது?"

"எலி கடிச்சிருக்கும்."

"ஒன்பதாவது மாடியில, கருக்கி வெச்சுக் கடிக்கிற எலியா?"

நான் அப்போது சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அடுப்பில் நீல நெருப்பு எரிந்துகொண்டிருந்தது.

"எங்க யார்டுல இதுக்குப் பேரு நியர் மிஸ், மயிரிழையில தப்பின விபத்து" என்றான் சஞ்சீவன். "ஒண்ணு நடந்தாலே வேலைய நிறுத்திடுவோம்."

"நான் என்ன உன் கப்பலாடா?"

"கப்பலா இருந்தா சொன்ன பேச்சு கேக்கும்லா."

அவன் சொன்னது இதுதான். காஸ் அடுப்பு இனி கூடாது. அடுக்குப் பாத்திரத்தில் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவந்து தருகிறவர்களிடம் சொல்லிவிடலாம், இல்லையென்றால் அவள் ஜூரோங்குக்கு வந்துவிடலாம். மருமகள் வைஷாலி அறையைக்கூட ஒழித்து வைத்திருந்தாள். அன்பால்தான் செய்தாள். ஆனால் அந்த வீட்டில் அக்கா உட்கார வைக்கப்படுவாள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். காலை எழுந்ததும் என்ன குழம்பு என்று யோசிப்பதில்தான் அவளுக்கு நாள் தொடங்கும்.

அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "நான் ஒரு அடுப்பு பாக்குறேன். உன் முன்னாடி, யாரும் கிட்ட வராம, பத்த வைக்கிறதுலேர்ந்து துடைக்கிறது வரைக்கும் நானே செஞ்சு காட்டறேன். ஒரு எடத்துல தடுமாறினாலும் பெட்டியக் கட்டிக்கிட்டு வந்துடறேன். தடுமாறலேன்னா நீ இந்தப் பேச்ச எடுக்கக் கூடாது."

"எழுதிக் குடுப்பீங்களா?"

"தொட்டுக் குடுக்கிறேன்" என்று அவன் உள்ளங்கையில் மூன்று முறை விரல் வைத்தாள்.

அடுத்த சனிக்கிழமையே சஞ்சீவன் ஒற்றை இண்டக்‌ஷன் அடுப்போடு வந்தான். கறுப்புக் கண்ணாடி போல் வழவழவென்று இருந்தது. நெருப்பே கிடையாது, பாத்திரத்தை எடுத்தால் தானே அணைந்துவிடும், இதைவிடப் பாதுகாப்பானது உலகத்தில் இல்லை என்றான். புது அடுப்பு வந்தால் முதலில் பால் பொங்க வேண்டும். அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அக்கா சின்ன எவர்சில்வர் பாத்திரத்தில் பால் ஊற்றி வைத்தாள். பொத்தான் எங்கே என்று கண்ணாடியைத் தடவினாள். விரல் பட்ட இடமெல்லாம் கீச் கீச்சென்றது. கடைசியில் சஞ்சீவன்தான் அழுத்தினான்.

பால் நுரைத்து எழுந்து விளிம்பைத் தாண்டியது. நான் "பொங்கிருச்சு" என்று சொல்லி வாய் மூடவில்லை, அடுப்பு நீளமாக ஒரு ஓலமிட்டு அணைந்துபோனது. பால் போய்ப் பொத்தான்கள்மேல் நின்றதால் அது தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது. எதை அழுத்தினாலும் ஓலம்.

"என்னா சொல்லுது?" என்றாள் அக்கா.

"இ ஆறுன்னு காட்டுது. ஓவர்ஃப்ளோ. துடைச்சா சரியாயிடும்" என்று சிரித்தான் சஞ்சீவன். "பொங்கினா கோவிச்சுக்குது பாருங்க."

"எங்க காட்டுது?"

"இங்கதான், சிவப்பா..." என்றவன் நிறுத்திக்கொண்டான்.

அக்கா ஈரத் துணியை எடுத்து மெதுவாகத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க அது கூவிக்கொண்டே இருந்தது. ஆனாலும் அவள் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. இரண்டு வாரம் அதிலேயே சமைத்தாள். முயலாமல் குறை சொன்னதாக மகன் நினைக்கக் கூடாது என்றாள். அந்த இரண்டு வாரத்தில் சாதம் ஐந்து முறை குழைந்தது, இரண்டு முறை அடுப்பு எரிவதாக நினைத்துப் பச்சைத் தண்ணீர்முன் அரை மணி நேரம் நின்றாள். அதன் பிறகு என்னைக் கூப்பிட்டாள். "தாரகா, நாளைக்கு லீவு போடு. அடுப்புக் கடைக்குப் போவோம்."

பாலஸ்டியர் சாலையில் மூன்று கடை ஏறினோம். மூன்றாவது கடையில்தான் ரிஸ்வான் இருந்தார். தமிழ் பேசுகிற இளைஞர், உற்சாகமாக ஆரம்பித்தார்.

"ஆன்ட்டி, இந்தக் கலர் பாருங்க. ரோஸ் கோல்ட். இப்ப எல்லாரும் இதத்தான் கேக்கறாங்க."

"தம்பி, எனக்குத் தடவித்தான் பாக்க முடியும். கலர விட்டுட்டு மத்தத சொல்லுங்க."

ரிஸ்வான் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு குரலைத் தணித்து, அக்காவின் கையைப் பிடித்து ஒவ்வொரு அடுப்பாக வைத்தார். அதிலிருந்து அவர் விற்பனை பேசவில்லை.

முதலில் செராமிக் அடுப்பு. மண் சட்டி, அலுமினியம், எந்தப் பாத்திரமும் வைக்கலாம். அக்காவுக்கு முகம் மலர்ந்தது. "அணைச்ச பிறகும் கண்ணாடி கொஞ்ச நேரம் சுடும் ஆன்ட்டி. சிவப்பு லைட்டு போற வரைக்கும் தொடக் கூடாது."

"லைட்டு போனத எனக்கு யாரு வந்து சொல்லுவா?"

ரிஸ்வான் தலையைச் சொறிந்துகொண்டு அடுத்ததற்கு நகர்ந்தார்.

அடுத்து காஸ். முன்பக்கம் கனமான குமிழ்கள், அழுத்தித் திருகினால் டக்கென்று சத்தம், நெருப்பு காற்றில் அணைந்தால் காஸ் தானே நின்றுவிடும். அக்கா அந்தக் குமிழைத் திருகிக்கொண்டே வெகுநேரம் நின்றாள். இதுதான் என்று நான் முடிவே செய்துவிட்டேன். அவளுக்குத் தெரிந்த சத்தம் அது. உஸ்ஸென்ற அந்த ஒலியை வைத்தே தீ எவ்வளவு என்று சொல்லிவிடுவாள்.

"இத எடுத்துக்குவோம்கா."

அவள் கையை எடுத்துவிட்டாள். "என் நைட்டி கை கருகினது இந்த மாதிரி நெருப்புலதானே? அவன் சொன்னதுல பாதி நியாயம் தாரகா. அந்தப் பாதிய ஒத்துக்கிட்டாத்தான் மீதிப் பாதிக்கு நான் சண்ட போட முடியும்." பிறகு ரிஸ்வான் பக்கம் திரும்பி, "நெருப்பு இருக்கக் கூடாது, ஆனா திருகறதுக்குக் குமிழ் இருக்கணும். அப்படி ஒண்ணு செய்யறாங்களா இல்லையா?" என்றாள்.

"இருக்கு ஆன்ட்டி. ஆனா யாரும் வாங்க மாட்டாங்க. பழைய மாடல் மாதிரி இருக்குன்னு சொல்றாங்க" என்று கடையின் கோடியில் அட்டைப் பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒன்றை எடுத்து வந்தார். இரண்டு பாத்திரம் வைக்கிற இண்டக்‌ஷன் அடுப்பு. முன்விளிம்பில் இரண்டு குமிழ்கள், ஒவ்வொன்றின் தலையிலும் விரலுக்குத் தட்டுப்படுகிற மாதிரி மேலெழுந்த ஒரு கோடு. மின்சாரம் கொடுத்து, தண்ணீர்ப் பாத்திரம் வைத்தார். அக்கா திருகினாள். டக், டக், டக். ஒன்பது எண்களுக்கும் ஒன்பது டக். பூஜ்யத்தில் கெட்டியாக முட்டி நின்றது. அவள் குனிந்து காதை வைத்தாள். உள்ளே விசிறி மெல்ல ரீங்கரித்தது.

"பால் பொங்கினா அணைஞ்சிடுமா?"

"பால் எதுக்கு ஆன்ட்டி பொங்கணும்? அதுக்கு முன்னாடியே இறக்கிடுங்க."

"நான் வேணும்னுதான் பொங்க விடுவேன்."

ரிஸ்வான் சிரித்துவிட்டார். "அஞ்சு வருசமா இந்தக் கடையில இருக்கேன், இந்தக் கேள்வி யாரும் கேட்டதில்லலா." ஒரு குவளைத் தண்ணீரை எடுத்து அடுப்பின்மேல் தாராளமாக ஊற்றினார். விசிறி நிற்கவில்லை. பாத்திரத்துத் தண்ணீர் கொதித்துக்கொண்டே இருந்தது. அக்கா ஈரத்தில் விரலை ஓட்டி, இரண்டு குமிழையும் தொட்டு, பிறகு அடுப்பின் நடுவில் உள்ளங்கையால் தட்டினாள். எனக்குப் புரிந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

அங்கிருந்து நேராக லிட்டில் இந்தியா. சிராங்கூன் சாலையில் வளையல் கடையில் கல் வைத்த ஸ்டிக்கர் பொட்டு கேட்டாள். அத்தான் போன பிறகு அவள் பொட்டு வாங்கி நான் பார்த்ததில்லை.

"யாருக்குக்கா? சின்னதா, பெருசா?" என்றாள் கடைப்பெண்.

"அடுப்புக்கு."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவள் இரண்டு அட்டையும் எடுத்துக் கொடுத்தாள்.

எலக்ட்ரீசியன் தனி லைன் இழுத்து அடுப்பைப் பொருத்திய அன்று, அக்கா குமிழைச் சுற்றிப் பொட்டு ஒட்டினாள். மூன்றில் ஒரு பொட்டு, ஆறில் இரண்டு, ஒன்பதில் மூன்று. பூஜ்யத்துக்கு மட்டும் பெரிய வட்டப் பொட்டு. பிறகு ஃபிரிட்ஜ் கதவிலிருந்த காந்தத்தை எடுத்து ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் வைத்துப் பார்த்தாள். காந்தம் ஒட்டுகிற பாத்திரம்தான் இண்டக்‌ஷன் அடுப்பில் சூடாகும். ஒட்டியவை அலமாரிக்குப் போயின. ஒட்டாதவை கீழே வரிசையாக நின்றன: அலுமினியக் குக்கர், இட்லிப் பானை, மீன் குழம்புச் சட்டி. அந்த மண் சட்டியில் மட்டும் காந்தத்தை இரண்டாவது முறை வைத்துப் பார்த்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள்.

"இது உன் வீட்டுக்கு. மாசத்துக்கு ஒரு தடவ மீன் கொழம்பு வெச்சு எடுத்துட்டு வா. உப்பு கம்மியா போடுவ, பரவால்ல."

மூன்று வாரம் யாரையும் வரவிடாமல் பழகினாள். ஏழாவது வாரத்துச் சனிக்கிழமை சஞ்சீவனைக் கூப்பிட்டாள். அவனும் நானும் சமையலறை வாசலைத் தாண்டக் கூடாது என்று கட்டளை. அவன் கைகட்டி நின்றான். யார்டில் அப்படித்தான் நிற்பான் போலும்.

அக்கா பாலை வைத்தாள். பெரிய பொட்டைத் தொட்டு, அங்கிருந்து திருகி இரண்டு பொட்டில் நிறுத்தினாள். தலையைச் சற்றுச் சாய்த்துக்கொண்டாள். பால் முதலில் சத்தமில்லாமல் இருந்தது, பிறகு ஓரத்தில் மெல்லச் சீறியது. அப்புறம் அந்தச் சீறலும் அடங்கிவிட்டது. அடுப்பு நின்றுவிட்டதோ என்று எனக்குப் பதற்றம்.

"இப்ப வரும்" என்றாள் அக்கா.

சஞ்சீவன் எட்டிப் பார்த்தான். பால் இன்னும் பாதியில்தான் இருந்தது. "இல்லம்மா, இன்னும்..." என்று அவன் சொல்வதற்குள் நுரை திரண்டு எழுந்து, விளிம்பைக் கடந்து, அடுப்பெங்கும் வழிந்தது. ஓலமில்லை. விசிறி தன்பாட்டுக்கு ரீங்கரித்தது. அக்கா குமிழைப் பெரிய பொட்டுக்குக் கொண்டுவந்து முட்டவைத்தாள், பிடிதுணியோடு பாத்திரத்தை இறக்கி மூடினாள், அடுப்பின் சூடு தணிய நூறு எண்ணினாள், துடைத்தாள். கடைசியாக மூன்று இடங்களைத் தொட்டாள்: இடக்குமிழ், வலக்குமிழ், பாத்திரத்தின் மூடி.

"எப்படிம்மா தெரிஞ்சுது?"

"பொங்கறதுக்கு முன்னாடி பால் மூச்ச அடக்கும். நீ பாத்துக்கிட்டே இருக்கியா, அதான் உனக்குக் கேக்கல."

சஞ்சீவன் வாசலைத் தாண்டி உள்ளே போனான். அவள் ஆற்றி நீட்டிய பாலை வாங்கிக் குடித்தான். ஜூரோங் பேச்சை அதன் பிறகு அவன் எடுக்கவே இல்லை.

அக்கா அந்த அடுப்பில் பத்தொன்பது மாதம் சமைத்தாள். தீபாவளிக்கு முறுக்குச் சுட்டாள். என் மீன் குழம்பில் உப்புக் குறைவென்று மாதம் தவறாமல் சொன்னாள்.

போன மாதம் ஒரு புதன்கிழமை, பகல் பதினொரு மணிக்கு, நெஞ்சு அழுத்துகிறது என்று சஞ்சீவனுக்கு அவளே போன் செய்தாள். அவன் சொல்லி ஓடிவந்த நான் ஆம்புலன்ஸில் உடன் போனேன். தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்த பிறகுதான் சஞ்சீவனுக்கு அடுப்பு நினைவு வந்தது. முகம் வெளுத்து டாக்சி பிடித்து ஓடினான். அரை மணியில் அவனிடமிருந்து போன் வந்தது.

"சித்தி, ரெண்டு குமிழும் பெரிய பொட்டுல இருக்கு. பாத்திரத்து மேல மூடி போட்டிருக்கு. அம்மா அணைச்சிட்டுத்தான் எனக்குக் கூப்பிட்டிருக்காங்க."

"சரிப்பா."

அவன் போனை வைக்கவில்லை. "பொடலங்கா கூட்டு பாதிதான் வெந்திருக்கு. என்ன பண்றது?"

"ஒரு பொட்டுல வை. அஞ்சு நிமிஷம்."

டக், டக், டக் என்று போனில் கேட்டது. அவன் அந்தக் கூட்டை டப்பாவில் எடுத்து வந்தான். அக்காவுக்குக் கொடுக்க முடியவில்லை. மறுநாள் விடியும்போது அவள் போய்விட்டாள். அதற்கு முந்தின மாலையில், ஆஸ்பத்திரி நடைபாதை நாற்காலியில் உட்கார்ந்து நானும் அவனும் அதைச் சாப்பிட்டோம். உப்பு சரியாக இருந்தது.