திரு. ரூ கட்டிய தெருக்கள்

புதுச்சேரி முதலியார்பேட்டையில் ஒரு பெண்கள் பள்ளியின் நூலகர் சுலோசனா. ஏழாம் வகுப்புக்கு வாரம் ஒரு பீரியட், தகவல் தேடச் சொல்லிக்கொடுக்கிறார். விதி ஒன்றுதான்: எதையும் இரண்டு இடத்தில் பார்த்த பிறகே எழுத வேண்டும்.

அந்தப் பீரியடைக் கணக்குப் பாடத்துக்குத் தள்ளிவிடத் தலைமையாசிரியர் சக்கரபாணிக்கு ஆசை. ஜூனில்தான் கடலூரிலிருந்து வந்து சேர்ந்தவர். “சனிக்கிழமை கண்காட்சியப் பாத்துட்டு முடிவு பண்றேம்மா” என்றிருந்தார்.

தலைப்பு, ‘நம் ஊர்த் தெருக்கள்’. வெள்ளிக்கிழமை அந்த வகுப்பு நிர்மலாதேவி சார்ட்டோடு வந்தாள். ‘புதுச்சேரியில் அதிகத் தெருக்களைக் கட்டியவர் திரு. ரூ என்ற பிரெஞ்சுக்காரர்.’

சுலோசனா சிரிப்பை அடக்கிக்கொண்டார். பிரெஞ்சில் ரூ என்றாலே தெருதான்.

“யாருடி சொன்னது?”

“தெருப் பேர் போர்டுலயே இருக்கு மிஸ். பெரிய மார்க்கெட்லேர்ந்து பீச் வரைக்கும் எல்லாத்துலயும் மொதல்ல அவர் பேருதான்.”

“ஒரு போர்ட வச்சு எழுதிடுவியா?”

“முப்பது போர்டு பாத்தோம் மிஸ். பிரவுசிங் சென்டர்லயும் தேடுனோம். ரூன்னு நெறைய பேரு இருக்காங்க. நீங்க சொன்ன மாதிரி ரெண்டு எடம்!”

திருத்த வாய் திறந்தவர் நின்றுவிட்டார். இவள் எந்த விதியை மீறினாள்? எதையும் இல்லை. பிறகு எங்கே தப்பு? யோசித்து முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. சார்ட் அப்படியே சுவருக்குப் போனது.

மறுநாள் சக்கரபாணி அதன் முன்தான் அதிக நேரம் நின்றார்.

“பலே! நானும் தெனம் அந்த போர்டப் பாத்துட்டுதாம்மா வர்றேன். எனக்குத் தோணலயே! பீரியட் உங்களுக்கே இருக்கட்டும்.”

பேசாமல் இருந்தால் போதும், பீரியட் பிழைத்தது. பக்கத்தில் நிர்மலாதேவி பூரித்துப்போய் நின்றாள்.

“சார்… ரூன்னா தெரு சார். பிரெஞ்சுல.”

அவர் சார்ட்டை மறுபடி படித்தார். “அப்போ இவ்ளோ நேரம் நான் தெருவையாம்மா பாராட்டிக்கிட்டு இருந்தேன்?”

“அப்ப தெருவெல்லாம் கட்டுனது யாரு மிஸ்?” என்றாள் நிர்மலாதேவி.

“தேடணும்” என்றார் சுலோசனா.

“தேடுங்க. அரைப் பரீட்சை வரைக்கும் தேடுங்க. அப்புறம் பாக்கலாம்.” சக்கரபாணி போய்விட்டார். அது கோபமா, கேலியா, பிடிபடவில்லை.

அடுத்த பீரியடில் சுலோசனா கரும்பலகையில் பழைய விதியை அழித்தார். ‘மூன்று இடத்தில்’ என்று எழுதினார். முப்பது போர்டு ஞாபகம் வந்தது. அதையும் அழித்தார்.

“என்ன மிஸ் எழுதிக்கணும்?”

“இருங்கடி, யோசிக்கிறேன்.”