எழுப்ப மாட்டேன் என்று சொன்னேன்

ஏரிக்கரைக் கிராமத்து அங்கன்வாடியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பிள்ளை சாப்பிடவில்லை என்றால் தாய்தான் காரணம் என்று நானும் நம்பினேன். நான் திருப்பாலைவனம் பக்கத்தவள். நெல் விளைகிற ஊர். எங்கள் வீடுகளில் பிள்ளைகள் வெயில் வந்த பிறகு எழுந்து, மதியம் சாப்பிட்டு, அப்படியே சுருண்டு படுத்துக்கொள்வார்கள். உலகமே அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

அந்த மையத்தில் இரண்டரை வயதுப் பெண் குழந்தை ஒன்று இருந்தது. ஊட்டினால் சோற்றை ஒரு பக்கக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொள்ளும். விழுங்காது, துப்பாது. சிறிது நேரத்தில் சுவரில் சாய்ந்து, அந்தச் சோற்றோடு தூங்கிப்போகும். சமையல் செய்யும் அக்கா விரலை விட்டுத் தோண்டி எடுப்பார். எடை பார்த்தபோது அட்டையில், மிகவும் எடை குறைந்த பிள்ளைகளுக்கான சிவப்புக் கட்டத்தில் இருந்தாள். தாய்மார்கள் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் அவள் அம்மாவிடம் கேட்டேன்: "ஒரு பொண்ணுக்குச் சோறு ஊட்ட உனக்கு நேரமில்லையா?" அந்தப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனாள்.

சில நாள் கழித்து, மாலை நான்கு மணிவாக்கில், சத்துமாவுப் பாக்கெட் கொடுக்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்றுவிட்டேன். அப்பா குழந்தையின் கால்களை அழுத்திப் பிடித்திருந்தார். அம்மா ஒரு கையால் மூக்கைப் பிடித்து, வாய் திறந்ததும் மறு கையால் சோற்றைத் திணித்துக்கொண்டிருந்தாள். "வாணாம் நைனா, வாணாம் நைனா" என்று குழந்தை கத்தியது. அப்பாவின் கண்ணிலும் தண்ணீர்.

"இன்னா பண்றீங்க ரெண்டு பேரும்?" என்றேன்.

"நீங்கதான டீச்சர் சொன்னீங்க, எட இல்லன்னு. அத்தினி பேர் எதிர்ல சொன்னீங்க. அன்னிலேந்து இப்டிதான் ஊட்றோம்" என்றாள் அம்மா.

அப்புறம்தான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். குழந்தை எத்தனை மணிக்கு எழுகிறது?

"நாங்க எயிந்துக்க சொல்லோ அதுவும் எயிந்துக்குது. விடியக்காலைல நாலு மணி. நாங்க போனதும் பக்கத்து ஊட்ல அயுதுக்கினே இருக்குமாம்."

அவர்கள் இருவரும் கையால் இறால் பிடிப்பவர்கள். இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, சேற்றைத் தடவித் தடவி எடுக்க வேண்டும். இரண்டு கையும் தண்ணீருக்குள் இருக்கும் என்பதால், பிடித்ததைப் போடுகிற ஓலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். விடிவதற்கு முன் இறங்கினால் கரையேற மதியம் ஆகும். நான்கு மணிக்கு எழுந்து அழுத குழந்தைக்கு, மையத்தில் சோறு போடும் பன்னிரண்டு மணி என்பது நடுராத்திரி மாதிரி. நாங்கள் அதை உலுக்கி உலுக்கித் தட்டின் முன் உட்கார வைத்திருக்கிறோம். இது எனக்கு அந்த வாசலில்தான் புரிந்தது. கூட்டத்தில் நான் பேசிய பேச்சுக்கு அவர்கள் இருவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். அப்பா சங்கடப்பட்டு, "பரவால்ல டீச்சர், டீ குடிக்கிறீங்களா?" என்றார்.

மறுநாள் குழந்தையை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். நோய் எதுவும் இல்லை என்று டாக்டர் சொன்னார். அதற்குப் பிறகு அம்மாவிடம் சொன்னேன்: "இனிமே வாயில திணிக்க வேணாம். தட்டை முன்னால வைங்க, கூட உக்காந்து நீங்களும் சாப்பிடுங்க. அது தின்னா தின்னட்டும். இல்லன்னா பேசாம எடுத்துடுங்க."

"பட்னியா கெடந்தா?"

"மையத்துல நான் பாத்துக்கறேன்."

தைரியமாகச் சொன்னேனே தவிர, உள்ளே பயம்தான்.

பத்து மணிக்கு அவளுக்குக் கண் சொருகும். மூலையில் பாய் போட்டுப் படுக்க வைத்தேன். அவள் பங்குச் சோற்றையும் முட்டையையும் மூடி வைத்தோம். ஒன்றரைக்கு எழுந்தாள். முதல் மூன்று நாள் தட்டைத் தொடவே இல்லை. எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள், எப்போது மூக்கைப் பிடிப்பார்கள் என்று. நான்காம் நாள் முட்டையின் வெள்ளையை மட்டும் பிய்த்துத் தின்றாள். மூன்றாவது வாரம் தன் தட்டை முடித்துவிட்டு, சமையல் அக்காவின் தட்டில் கைவிட்டாள். அக்கா என்னைப் பார்த்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதே தொழில் செய்யும் வீடுகளிலிருந்து வந்த இன்னும் நான்கு பிள்ளைகளும் பாய்க்கு வந்து சேர்ந்தார்கள்.

ஒருநாள் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு மேற்பார்வையாளர் மேடம் வந்தார். பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்திருக்கும் படத்தை நான் தினமும் எடுத்து அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். வரிசையில் ஐந்து இடம் காலி. மூலையில் ஐந்து பேர் தூக்கம்.

"என்ன இது? எழுப்புங்க."

"எழுப்ப மாட்டேன் மேடம்."

அந்த வார்த்தை என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று தெரியவில்லை. மேலதிகாரியிடம் அதுவரை நான் "சரிங்க மேடம்" தவிர எதுவும் பேசியதில்லை. நான் காரணம் சொன்னேன். அவர் கேட்கவில்லை. அட்டைகளைப் புரட்டி, "இந்தக் குழந்தை சிவப்புல இருக்கு, நீங்க தூங்க வைக்கிறீங்களா?" என்றார்.

அன்று காற்று பலமாக அடித்ததால் ஏரிக்குப் போனவர்கள் சீக்கிரமே கரையேறியிருந்தார்கள். அந்த அம்மா ஈரப் புடவையோடு வாசலில் வந்து நின்றாள். மேடம் அவள் பக்கம் திரும்பினார்.

"நீதான் இதோட அம்மாவா? உனக்குப் புள்ள முக்கியமா, எறா முக்கியமா?"

முன்பு என்னிடம் பதில் பேசாமல் எழுந்து போனவள் இந்த முறை போகவில்லை. "எறா புடிக்கலன்னா புள்ளைக்கு இன்னா மேடம் போடுவேன்?" என்றாள். குரலை உயர்த்தவில்லை.

மேடம் பதிவேட்டை என் முன் தள்ளினார். "தாயின் அலட்சியம்னு எழுதுங்க."

பேனாவை எடுத்து நான் எழுதியது இது: "தாயும் தந்தையும் அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து வேலைக்குச் செல்கின்றனர். குழந்தை பத்து மணிக்கு உறங்குகிறது. ஒன்றரை மணிக்குத் தானே சாப்பிடுகிறது. தாயிடம் அலட்சியம் இல்லை. முன்பு அப்படிச் சொன்னது என் தவறு." கையெழுத்துப் போட்டு அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

ஒரு வாரத்தில் மெமோ வந்தது. உணவு நேரத்தை மீறியதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். நான் பஸ் ஏறி அலுவலகம் போனபோது, அந்த அம்மாவும் அப்பாவும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தார்கள். அன்றைய தொழிலை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "எங்கள பத்தி பேச்சு, நாங்க இல்லாமயா?" என்றார் அப்பா. இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். கடைசியில் என் விளக்கத்தை வாங்கி வைத்துக்கொண்டு, "இனி இப்படிச் செய்யாதீர்கள்" என்று அனுப்பிவிட்டார்கள்.

நான் இன்னும் அப்படித்தான் செய்கிறேன். பன்னிரண்டு மணிக்குச் சாப்பிடுகிறவர்களைப் படம் எடுத்து அனுப்புகிறேன். தூங்குகிறவர்களையும் படம் எடுத்து அனுப்புகிறேன். ஒன்றரைக்கு அவர்கள் சாப்பிடும்போது மூன்றாவது படம். யாரும் பதில் போடுவதில்லை. மெமோ என் கோப்பில்தான் இருக்கிறது. இன்னொன்று வந்தாலும் வரட்டும்.

குழந்தையின் எடை ஏறியது, ஆனால் மெதுவாக. ஐந்து மாதம் பிடித்தது மஞ்சள் கட்டத்துக்கு வர.

போன மாதம் ஒரு மாலை அவர்கள் வீட்டுப் பக்கம் போனேன். அப்பா வெளியே பறிக்கு ஓலை மாற்றிக்கொண்டிருந்தார். உள்ளே குழந்தை தட்டின் முன் தனியாக உட்கார்ந்து இறால் குழம்புச் சோற்றை அள்ளித் தின்றுகொண்டிருந்தாள். பாதி தரையில். பக்கத்தில் அம்மா, பாதி சாப்பிட்ட தட்டோடு, சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். குழந்தை என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தது. விரல் முழுக்கக் குழம்பு. நான் சத்தம் போடாமல் திரும்பி வந்தேன்.