கோல் போட்டுறாதடா அப்பு

மகன் கோல் போடக் கூடாது என்று எந்தத் தாயாவது வேண்டிக்கொள்வாளா? நான் வேண்டிக்கொண்டேன். அதுவும் வாய்விட்டு, எங்கள் வீட்டு முன்னறையில், டிவிக்கு எதிரே உட்கார்ந்து. பக்கத்தில் கணவரும் எங்கள் பள்ளிக்கூடத்துப் பி.டி. டீச்சரும் இருந்தார்கள். இருவரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும். எனக்கு இருந்த பயம் எனக்குத்தான் தெரியும்.

என் மகன் வடக்கே ஒரு நகரத்துக் கிளப்பில் சம்பளத்துக்குக் கால்பந்து விளையாடுகிறவன். ஒப்பந்தம் ஒவ்வொரு வருடமாகத்தான். சீசன் முடிவில் நீட்டித்தால் உண்டு, இல்லையென்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்க வேண்டியதுதான். கணவருக்கு வெங்காய மண்டி. நான் கணக்கு டீச்சர். பந்து வலைக்குள் போனால் சந்தோஷப்பட வேண்டும் என்பதைத் தாண்டி அந்த விளையாட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

என் பயம் அவன் கழுத்தில்தான் தொடங்கியது. சின்ன வயதில் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கிய நாளிலிருந்து அவன் கழுத்தில் உத்தரியம் கிடக்கும். இரண்டு சின்னப் பழுப்புத் துணித் துண்டுகளை நூலில் கோத்து, மாதாவின் காவலுக்கென்று நாங்கள் போட்டுக்கொள்வது. குளிக்கும்போதுகூடக் கழற்ற மாட்டான். கிளப்பில் சேர்ந்த பிறகு அவனுடைய முதல் ஆட்டத்தை டிவியில் பார்த்தபோது கழுத்து மொட்டையாக இருந்தது. ஆட்டம் முடிந்ததும் போன் போட்டேன்.

“ஏலே, உத்தரியம் எங்க?”

“பேக்ல இருக்கும்மா. உள்ள விடுறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தரா நிப்பாட்டிப் பாப்பாங்க. செயினு, மோதரம், கயிறு, ரப்பர் பேண்டு, ஒண்ணும் கூடாது.”

“மேல டேப்பு ஒட்டி மறைச்சுக்கிறலாம்ல?”

“அதுவும் கூடாதும்மா. எவன் வெரலாச்சும் மாட்டுனா பிஞ்சு போயிரும்.”

சொன்னது நியாயம்தான். நியாயம் புரிந்தால் பயம் போய்விடுமா? சில மாதம் கழித்து, பயிற்சியின்போது அவன் வலது முட்டி திரும்பி உள்ளே தசைநார் அறுந்துவிட்டது. கால் புல்லில் மாட்டிக்கொண்டது, உடம்பு மட்டும் திரும்பிவிட்டது என்றார் டாக்டர். எனக்கு அந்தக் காரணம் போதவில்லை. நாள் முழுக்கப் பிள்ளைகளிடம் “எப்படி வந்துச்சு, வழியைக் காட்டு” என்று அதட்டுகிறவள், வெறும் கழுத்தையும் அறுந்த முட்டியையும் பார்த்து நேராக விடைக்குத் தாவிவிட்டேன்.

மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து மாதாவிடம் பேரம் பேசினேன். “உன்னைக் கழுத்திலிருந்து இறக்கிவிட்டார்கள். நீ அதை மனதில் வைக்காதே. இவனை மறுபடி ஓட வை. இவன் போடும் முதல் கோலுக்குச் சட்டையைத் தலைக்கு மேல் தூக்கி, நெஞ்சில் இருக்கிற உன் படத்தை உலகத்துக்கே காட்டுவான். நான் பொறுப்பு.” எப்போதோ டிவியில் ஒரு ஆட்டக்காரர் அப்படி உள் பனியனைக் காட்டியது நினைவில் இருந்தது. ஊரில் எல்லோரும் மெழுகுவர்த்தி, உப்பு மிளகு என்று நேர்ந்துகொள்வார்கள். நான் மட்டும் என்ன புதுசாக யோசித்துவிட்டேன் என்று அப்போது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

முட்டி தேற முக்கால் வருடம் ஆனது, அடுத்த சீசனுக்கும் கிளப் அவனை வைத்துக்கொண்டது. அவன் கிளம்புவதற்கு முன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் டீ-ஷர்ட்டில் படம் அச்சடிக்கிற கடையில், கையில்லாத வெள்ளைப் பனியனில் நீல அங்கி மாதாவைப் போடச் சொல்லி வாங்கி வந்தேன். நேர்ச்சையைச் சொன்னதும் விரித்துப் பார்த்துச் சிரித்தான். “காட்டிருவோம்மா,” என்றான். கழுத்தில் உத்தரியம் இல்லாத குறைக்கு, பயம் வரும்போதெல்லாம் மாதாவை நினைத்து அந்த முட்டியைத் தொட்டுக்கொள் என்றும் சொல்லி அனுப்பினேன். அப்படியே செய்தான். டிவியில் பார்ப்பேன். உள்ளே இறங்கும்போது தொடுவான், விழுந்து எழுந்தால் தொடுவான்.

கோல்தான் வரவில்லை. பாதி ஆட்டங்களில் வெளியே உட்கார்ந்திருந்தான், மீதியில் கடைசியில் கொஞ்ச நேரம் இறக்கினார்கள். சீசன் முடிய இரண்டு ஆட்டம் இருக்கும்போதுதான், இனி இரண்டிலும் நீ முதலிலிருந்தே ஆடு, உன்னை வைத்துக்கொள்வதா என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வோம் என்று கோச் சொல்லியிருந்தார்.

அந்த வாரம் பி.டி. டீச்சரிடம் என் நேர்ச்சையைப் பெருமையாகச் சொன்னேன். அவள் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டாள்.

“டீச்சர், சட்டையக் கழட்டுனாலோ தலைக்கு மேல தூக்குனாலோ மஞ்ச அட்டை காட்டுவாங்களே. உள்ள சாமி படம் இருந்தா அதுக்குத் தனியா விசாரிப்பாங்க.”

“சாமி படத்துல என்ன குத்தம்?”

“சாமி, கட்சி, அம்மா அப்பாவுக்கு எழுதுறது, எதையும் காட்டக் கூடாது டீச்சர். ஒருத்தர் ஒரு சாமியக் காட்டுனா இன்னொருத்தர் இன்னொரு சாமியக் காட்டுவாரு. அப்புறம் பந்த யாரு பாப்பா?”

வீட்டுக்கு வந்ததும் மகனைக் கூப்பிட்டேன். அவனுக்கு எல்லாம் தெரிந்தே இருந்தது. “ஒரு மஞ்சதானம்மா, வாங்கிக்கிறேன். நீ வேண்டிக்கிட்டதாச்சே,” என்றான். ஒரு மஞ்சள் என்றால் எச்சரிக்கைதான், பரவாயில்லை என்று பி.டி. டீச்சரும் சொன்னாள். நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஆட்டம் சனிக்கிழமை சாயங்காலம். பி.டி. டீச்சர் வீட்டுக்கே வந்துவிட்டாள். பாதி ஆட்டத்துக்கு முன்பே, தன்னைத் தாண்டி ஓடிய ஒருவனை என் மகன் பின்னாலிருந்து தட்டிவிட்டான். நடுவர் பையில் கை விட்டார். மஞ்சள்.

“போச்சு,” என்றாள் பி.டி. டீச்சர்.

“ஒண்ணுதான?” என்றேன்.

“இது ஒண்ணு. கோல் போட்டுச் சட்டையத் தூக்குனா ரெண்டு. ரெண்டு மஞ்சன்னா செவப்பு டீச்சர். உடனே வெளிய. அடுத்த மேட்ச்சும் கிடையாது.”

அடுத்த ஆட்டம்தான் கடைசி ஆட்டம். இந்த இரண்டை வைத்துத்தான் அவன் பிழைப்பு. இடைவேளையில் போன் போட்டேன், அணைத்து வைத்திருந்தான். மறுபடி போட்டேன். “டிரஸ்ஸிங் ரூம்ல போனையெல்லாம் வாங்கி வச்சிருவாங்கடி, செத்த நேரம் சும்மா இரு,” என்றார் கணவர்.

“அவனுக்குத் தெரியாதா டீச்சர், தூக்க மாட்டான்,” என்றாள் பி.டி. டீச்சர்.

அவளுக்கு என் மகனைத் தெரியாது. எனக்குச் சொன்ன வாக்கென்றால் அவனுக்கு முன்பின் யோசனை கிடையாது. கோல் போட்ட சந்தோஷத்தில் மஞ்சள் எங்கே நினைவிருக்கும்? தூக்கிவிடுவான். சரி, தூக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போது நேர்ச்சை? அந்த முட்டிக்குள் புதிதாக வைத்துத் தைத்திருக்கும் நாரை யார் பார்த்துக்கொள்வது? தூக்கினாலும் போச்சு, தூக்காவிட்டாலும் போச்சு. அப்போதுதான் அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது.

“கோல் போட்டுறாதடா அப்பு.”

இரண்டாம் பாதி முழுவதும் பந்து அவனிடம் போகும்போதெல்லாம் அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். ஒரு தடவை அவன் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. கணவர் தலையில் கை வைத்தார். நான் “ஸ்தோத்திரம்” என்றேன். அதோடு நிற்கவில்லை. இடப்பக்கத்திலிருந்து ஒரு பந்து உயரமாக வந்தது, அவன் எகிறித் தலையால் முட்டினான், கோல் கீப்பரின் கைக்குக் கீழே புகுந்து உள்ளே போய்விட்டது.

கணவர் துள்ளி எழுந்தார். நான் எழவில்லை. மகன் மூலைக் கொடியை நோக்கி ஓடினான், ஓட ஓட இரண்டு கையாலும் சட்டையின் அடியைப் பிடித்தான். மேலே போனது. வெள்ளைப் பனியன் தெரிந்தது. அதன் மேல் நீலமாக ஒரு விரற்கடை, மாதாவின் அங்கி ஓரம்.

“ஏலே, எறக்குலே!” என்று பி.டி. டீச்சர் டிவியைப் பார்த்துக் கத்தினாள். நான் “தூக்காதே” என்றும் சொல்லவில்லை, “தூக்கு” என்றும் சொல்லவில்லை.

அவன் நின்றான். சட்டை கையிலேயே இருந்தது. நடுவர் இருந்த பக்கம் பார்த்தான். பிறகு சட்டையை மெதுவாக இறக்கி, அடியை இழுத்துக் கால்சட்டைக்குள் செருகிக்கொண்டான். அதற்குள் மற்றவர்கள் வந்து அவன் மேல் விழுந்தார்கள். அத்தனை பேருக்கும் அடியில் அந்த முட்டியைத்தான் தேடினேன். எழுந்ததும் முதலில் அதைத்தான் தொட்டுப் பார்த்தான். அந்த ஒரு கோலில் ஜெயித்தார்கள்.

இருட்டும் நேரத்தில் போன் வந்தது. பக்கத்தில் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். அவன் குரலில் மட்டும் அந்தக் கும்மாளம் இல்லை.

“அம்மா, காட்டலம்மா.”

“பாத்தேன் அப்பு. அதுதான் சரி.”

“மாதா கோவிச்சுக்குமாம்மா?”

ஆறு அடிக்கு வளர்ந்தவன், புதுநன்மை வாங்கிய வயதில் கேட்ட மாதிரியே கேட்டான். நான் பதில் சொல்வதற்குள் அவனே சொன்னான்: “முட்டி என்னமோ மாதிரி இருக்கும்மா.”

“வலிக்குதா?”

“வலிக்கல. வலிக்கப் போற மாதிரி இருக்கு. இப்படியே பயந்துட்டு அடுத்த மேட்ச்சு எப்படிம்மா ஓடுவேன்?”

அந்த வலி யாருடையது என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளின் வலி அது. டாக்டர் உள்ளே நாரை வைத்துத் தைத்தார், நான் வெளியே இருந்தபடி அதோடு என் பயத்தையும் சேர்த்துத் தைத்து அனுப்பியிருக்கிறேன். அவனுக்கு எதிரில் வந்தவர்களையெல்லாம்விட அதுதான் அவனை முடமாக்கப் பார்த்தது. சிவப்பு அட்டைக்குக்கூட நான் இவ்வளவு பயப்படவில்லை.

“அப்பு, இங்க பாரு,” என்றேன். “வேண்டிக்கிட்டது ஆரு? நான். நீ கேட்டியா? கடன் என்னோடது. நான் காட்டிக்கிறேன், நீ ஓடு.”

மறுநாள் ஞாயிறு. பூசைக்குப் போகும் வழியில் அச்சடிக்கிற கடைக்காரர் வீட்டுக்கே போய் எழுப்பி, இருப்பதிலேயே பெரிய சைஸில் அதே மாதாவைப் போட்டு வாங்கினேன். பட்டுச் சேலைக்கு மேல் அந்தப் பனியனை மாட்டிக்கொண்டு மாதா கோவிலுக்குள் நுழைந்தேன். கணவர் பத்தடி தள்ளியே வந்தார். என்னிடம் படித்த பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நன்மை வாங்க வரிசையில் போய் நின்றபோது பங்குச் சாமியார் ஒரு கணம் என் நெஞ்சைப் பார்த்து, பிறகு என் முகத்தைப் பார்த்து, நன்மையைக் கொடுத்துவிட்டார். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் கோவிலை ஒரு சுற்று சுற்றி எல்லோர் கண்ணிலும் பட்டுவிட்டுத்தான் வெளியே வந்தேன். பி.டி. டீச்சர் போட்டோ எடுத்து அவனுக்கு அனுப்பினாள். அவன் எழுத்தாக எதுவும் அனுப்பவில்லை. ஒரு மஞ்சள் கட்டத்தை மட்டும் அனுப்பியிருந்தான், எனக்கு மஞ்சள் அட்டையாம்.

கடைசி ஆட்டத்தையும் அதே முன்னறையில்தான் பார்த்தோம். உள்ளே இறங்கும்போது அவன் முட்டியைத் தொடவில்லை. நடுவில் ஒருவன் இடித்துத் தள்ளி, உருண்டு விழுந்தான். எழுந்து சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு பந்து போன திசையில் ஓடினான், குனியவே இல்லை. ஒப்பந்தத்தைப் பற்றி இன்னும் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. அன்று ஆட்டம் முடிந்து விளக்கைப் போட்ட கணவர், “கைய எடுடி, செவந்து போச்சு பாரு,” என்றார். குனிந்து பார்த்தேன். ஆட்டம் முழுக்க என் வலது முட்டியை நான்தான் இறுக்கிப் பிடித்திருக்கிறேன்.