சுருங்கிய பிள்ளை

நவமணி தேயிலைத் தோட்டத்தில் ஆயாவாக இருந்தாள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார்கள் விடியும்போதே பிள்ளைகளை அவளது ஆயாக் கொட்டகையில் விட்டுப் போவார்கள். 1986இல் புதிதாக ஒரு வேலை சேர்ந்தது. மாதம் ஒருமுறை ஒவ்வொரு பிள்ளையையும் சுவரோரம் நிறுத்தி உயரம் அளந்து எழுத வேண்டும். அந்தத் தாளைப் பக்கத்து ஊரான தானா ராத்தாவின் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் ஏற்றி, வளர்ச்சி குன்றிய பிள்ளைகளைக் கண்டுபிடிப்பார்கள்.

முதல் மாதம் தன் பிள்ளையை அவள் இரண்டு முறை அளந்தாள். மூன்று வயது முடிந்த தன் மகள் ரஞ்சிதம் எண்பத்து நான்கு சென்டிமீட்டர்தான். எல்லாப் பிள்ளைக்கும் கஞ்சி ஊற்றுபவளின் பிள்ளையே இப்படி என்றால் வேலை போகும். கணவன் இறந்தபின் தோட்டம் கொடுத்த லயத்து வீடு இந்த வேலையை நம்பித்தான் இருந்தது. தொண்ணூறு என்று எழுதினாள். அடுத்தடுத்த மாதங்களில் அரையரை சென்டிமீட்டராகக் கூட்டினாள்.

ஐந்தாம் மாதம் அவள் காய்ச்சலில் படுத்துவிட, தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரஸர் நாகப்பன் அளந்து எழுதினார்.

இரண்டு வாரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் மிஸ்ஸி சரோஜா வந்தார். கையில் கம்ப்யூட்டரில் அச்சான, ஓரமெல்லாம் ஓட்டை போட்ட நீளத் தாள்.

"அக்கா, ரஞ்சிதம் யாரு பிள்ள?"

"என்னோடதுதான், மிஸ்ஸி."

"போன மாசம் தொண்ணூத்தொண்ணரை. இந்த மாசம் எண்பத்தஞ்சு. பிள்ள எப்படிக்கா சுருங்கும்? கம்ப்யூட்டரு இவ பேர தனியா காட்டுது லா."

டிரஸர் தப்பாக அளந்திருப்பார் என்று சொல்ல நவமணி வாயெடுத்தாள். மற்ற பிள்ளைகள் ஓடிக்கொண்டிருக்க, ரஞ்சிதம் மட்டும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"நாந்தான் கூட்டி எழுதுனேன். வேல போயிடும்னு பயந்துட்டேன்."

மிஸ்ஸி தாளை மடித்தார். "நீங்க எழுதுனத நம்பி நாலு மாசம் இவள விட்டுட்டோமே. எனக்கு அதுதான் பயமா இருக்கு."

அன்றைக்கே ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். வயிற்றில் பூச்சி, உடம்பில் ரத்தம் இல்லை. மருந்து கொடுத்தார்கள், பால்மாவும் தினம் ஒரு முட்டையும் கொடுக்கச் சொன்னார்கள். தோட்டத்து மேனேஜர் துரை கண்டித்துவிட்டு நவமணியை வேலையில் வைத்துக்கொண்டார். அளக்கும் பொறுப்பு மட்டும் நாகப்பனுக்குப் போனது. அவர் மாதாமாதம் அளக்கும்போது நவமணி கண்ணை மூடிக்கொள்வாள்.

அடுத்த வருஷக் கடைசியில் வளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் பட்டியலை மிஸ்ஸி வாசித்தார். ரஞ்சிதத்தின் பெயர் வரவில்லை. நவமணியால் நம்ப முடியவில்லை.

"இன்னொரு வாட்டி மேலேருந்து படிங்க, மிஸ்ஸி."