கறுப்பு டிரம்மின் வெந்நீர்

பீங்கான் எவ்வளவு குளிர்ச்சியானது என்பதை நான் கன்னத்தால்தான் முதலில் தெரிந்துகொண்டேன். சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு பகலில், டயர் வண்டியிலிருந்து இறக்கி எங்கள் வேப்பமரத்தடியில் வைக்கோல் மேல் வைத்திருந்த அந்த வெள்ளைப் பாத்திரத்தின் உட்புறம் முழுக்க நீலப் பூக்கள், கொடியும் இலையுமாக ஓடின. அப்படியொரு அழகை நான் அதுவரை கண்டதில்லை என்பதால், யாரும் பார்க்காத நேரம் பார்த்துக் குனிந்து அதன் விளிம்பில் கன்னத்தை வைத்துக்கொண்டேன். அம்மாவும் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, பெரிய வீட்டுக் கல்யாணங்களில் பாயசம் ஊற்றி வைக்கிற பாத்திரமாக இருக்கும் என்று முடிவு கட்டினாள். அது 'கக்கூஸ் பீங்கான்' என்று அப்பா சொன்னதும் நான் ஓடிப்போய் மூன்று முறை முகம் கழுவினேன். அம்மா நம்பவே இல்லை.

"பூப் போட்டதுலயா? போறதுக்கு எந்த மகராசனுக்கு மனசு வந்துச்சாம்?" என்றாள்.

அப்பா பள்ளத்தூர் பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தார். பெரிய வீடுகளின் வரிசைக்குப் பின்னால் இருந்த ஒரு தெருவில் எங்கள் ஓட்டு வீடு. குளிப்பதற்குக் கொல்லையில் தென்னங்கீற்றால் கட்டிய 'மறைப்பு', மற்றதற்கு ஊருணிக்கு அப்பால் இருந்த கருவக்காடு. அக்கம்பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் இருந்தோம் என்பதால் அதில் ஒரு குறையும் எனக்குத் தோன்றியதில்லை. சிங்கம்புணரியில் வாக்கப்பட்டிருந்த செல்வி அக்கா உண்டாகியிருக்கிறாள் என்ற சேதி வந்து, அம்மா அந்த வீட்டுக்கு வெற்றிலை பாக்கு பழத்தோடு போய்த் திரும்பிய அன்றுதான் அது குறையாயிற்று.

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. ஏழாம் மாதம் வளையல் போட்டு அழைத்து வரலாமா என்று அம்மா கேட்டபோது, அக்காவின் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், குரலை உயர்த்தாமலேயே சொல்லியிருக்கிறார்: "தப்பா எடுத்துக்கிறாதீக சம்பந்தி. புள்ளத்தாச்சிய மழைக்காலத்துல கருவக்காட்டுக்கு அனுப்ப எனக்கு மனசு ஒப்பல. ஒரு கக்கூஸும் குளிக்கிற ரூமும் கட்டுங்க, நானே கொண்டாந்து விடுறேன். இல்லாட்டிப் பேறுகாலத்த இங்கனயே பாத்துக்கிறுவோம்."

அவர் சொன்னதில் தப்பே இல்லை என்பதுதான் அம்மாவுக்கு இன்னும் வலித்தது. அம்மாவுக்குத் தாய் கிடையாது. சின்ன வயதிலேயே இழந்துவிட்டதால் அவளுடைய தலைப்பிரசவம் மாமியார் வீட்டில்தான் நடந்தது. பெற்ற வலியோடு கிடந்த நாட்களில் ஒரு வாய் வெந்நீர் கேட்பதற்குக்கூடக் கூச்சமாக இருந்தது என்று அவள் எப்போதாவது சொல்வாள். தன் மகளுக்கு அந்தக் கூச்சம் வரக் கூடாது என்பது அவள் மனதில் பல வருடங்களாக இருந்த ஒன்று. ஆவணிக்குள் கொல்லையில் ஓர் அறை எழும்ப வேண்டும். எழும்பாவிட்டால் அக்கா வரமாட்டாள். எங்கள் வீட்டில் அந்த நான்கு மாதமும் வேறு பேச்சே இல்லை.

செங்கலுக்கும் சிமெண்டுக்குமே அப்பாவுக்கு மூச்சு முட்டியது. உள்ளே வைக்கிற சாமான்களைக் காரைக்குடிக் கடையில் விசாரித்துவிட்டு வந்தவர், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அந்தச் சமயம் பார்த்துத்தான் எங்கள் ஊரில் ஒரு பெரிய வீட்டைப் 'பிரித்துக்' கொண்டிருந்தார்கள். வீட்டை இடிப்பதை எங்கள் பக்கம் பிரிப்பது என்றுதான் சொல்வார்கள், ஏதோ பார்சலைப் பிரிப்பது போல. பங்காளிகள் ஆளுக்கொரு ஊரில் இருந்தார்கள். தேக்குத் தூண்களும் கதவுகளும் லாரி ஏறிப் போயின. ஆனால் மாடியில் யாரோ ஒரு பெரியவர் சீமையிலிருந்து தருவித்து வைத்திருந்த குளியலறைச் சாமான்களை எடுக்க ஆளில்லை. அடுத்தவர் உட்கார்ந்ததை எவன் வாங்குவான்?

எங்கள் அப்பா வாங்கினார். வாங்கினார் என்பதைவிட மாற்றிக்கொண்டார் என்பதே சரி. அந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த மேஸ்திரிக்கு அப்பாவின் பச்சை சைக்கிள் மீது வெகுநாளாக ஒரு கண். அப்பா தனக்கென்று பார்த்துப் பார்த்துச் சேர்த்த சைக்கிள் அது. டைனமோ விளக்கு, நாலு திசைக்கும் கேட்கிற மணி, கைப்பிடியில் சிவப்புக் குஞ்சம். அதைக் கொடுத்துவிட்டு, பூப்போட்ட பீங்கானையும், ஒரு வாஷ் பேசினையும், இரண்டு பித்தளைக் குழாய்களையும், ஒரு கூடை நிறைய ஒன்றுக்கொன்று ஒட்டாத டைல்ஸ்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். வண்டி தெருவில் நுழைந்தபோது சாமி புறப்பாட்டுக்கு வருகிற மாதிரி ஆட்கள் வாசலுக்கு வந்து நின்று பார்த்தார்கள். அதன் பிறகு ஒன்றரை வருடம் அப்பா கடைக்கு நடந்தே போனார். "என்ன, சைக்கிள் கடைக்காரரு நடந்து வாரீக?" என்று கேட்காத வாய் இல்லை. "வயசாகுதுல்ல, நடந்தா நல்லதுன்னு டாக்டரு சொன்னாரு" என்பார்.

பிளம்பருக்குக் கொடுக்கக் காசில்லாததால் சைக்கிள் கடையே பிளம்பர் கடையாயிற்று. பழைய ட்யூபை வட்டமாக வெட்டிக் குழாய்க்கு வாஷர் போட்டார். பிரேம் துருவை எடுக்கிற உப்புத்தாளால் பித்தளையைத் தேய்த்து மினுக்கினார். டைல்ஸ்களைக் கொத்தனார் தரையில் பரப்பியபோது ஒரு மயிலின் கழுத்தும் இன்னொரு மயிலின் வாலும் பக்கத்துப் பக்கத்தில் வந்து சேர்ந்தன. அதுவும் ஒரு அழகாகத்தான் இருந்தது.

அந்தக் குழாய்களில்தான் நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். ஒவ்வொன்றின் தலையிலும் பொத்தான் மாதிரி ஒரு வெள்ளைப் பீங்கான் வில்லை இருந்தது. அதில் ஆங்கில எழுத்து. ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த எனக்குத்தான் வீட்டிலேயே இங்கிலீஷ் வரும். ஒன்றில் 'ஹாட்', இன்னொன்றில் 'கோல்ட்' என்று எழுத்துக் கூட்டிப் படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுப்பே இல்லாமல் வெந்நீர் ஊற்றுகிற குழாய் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது! பள்ளிக்கூடம் முழுக்கத் தம்பட்டம் அடித்தேன். எங்கள் வகுப்பில் ஒருத்தியின் சித்தப்பாவுக்குச் சிங்கம்புணரிச் சந்தையில் வியாபாரம். பத்து நாளில் சேதி அத்தையின் காதுக்குப் போய்விட்டது. "வெந்நிக் கொழா வச்சிருக்கீகளாமே! வளையல் போடுறதுக்கு முந்தி ஒரு எட்டு வந்து பாக்குறேன்" என்று சொல்லி அனுப்பினார்.

அம்மா என் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள். அப்பா திட்டவில்லை. அந்த 'ஹாட்' குழாயின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அதைத் திருகித் திருகிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் எண்ணெய்க் கடையிலிருந்து ஓர் இரும்பு டிரம் வந்தது. அதற்கு சைக்கிள் பிரேமுக்கு அடிக்கிற கறுப்பு பெயின்டை இரண்டு கோட் அடித்து, அடுப்படிச் சுவரை ஒட்டி எழும்பியிருந்த புதிய அறையின் தட்டைக் கூரை மேல், மர நிழல் துளியும் படாத இடத்தில் ஏற்றினார். வேப்பமர நிழலில், ஈரச் சாக்கு சுற்றி, இன்னொரு டிரம். ஒன்றிலிருந்து ஒரு குழாய், மற்றதிலிருந்து மறு குழாய். காலையில் ஏணியில் நின்று அப்பாவும் நானும் குடம் குடமாக நிரப்பினோம். மதியம் மூன்று மணிக்கு அவர் 'ஹாட்' குழாயைத் திறந்து, "கைய நீட்டு" என்றார்.

சுட்டது. உண்மையிலேயே சுட்டது. அந்த நிமிடம் எனக்கு என் அப்பா மீது வந்த பிரமிப்பை என்னால் இன்றைக்கும் சரியாகச் சொல்ல முடியவில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்ட மனிதர், மேலே எரிகிற சூரியனைப் பிடித்து ஒரு டிரம்முக்குள் போட்டுவிட்டார்.

அத்தை வருவதாகச் சொன்ன நாளுக்கு முந்தின சாயங்காலம் மழை பிடித்தது. விடிந்த பிறகும் வானம் மூடிக்கிடந்தது. அப்பா காலையிலிருந்து பத்துத் தடவையாவது கொல்லைக்கும் வாசலுக்கும் நடந்திருப்பார். நான் பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்டேன். பதினொரு மணிக்கு அத்தை வந்து இறங்கினார். அக்காவும் கூடவே வந்திருந்தாள். வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது. அம்மா வாங்க என்று சொன்னதோடு சரி, அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். "பணியாரம் அடுப்புல கெடக்கு, தீஞ்சுரும்" என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. சம்பந்தி வந்திருக்கும் நேரத்தில் இப்படியா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. நடுவில் ஒரு முறை கொல்லைப்பக்கம் வந்து சுவரோரமாகக் குனிந்து விறகு பொறுக்கினாள். திரும்ப உள்ளே போய்விட்டாள்.

அத்தை புது அறையை மெதுவாகப் பார்த்தார். கதவின் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தார். கழுத்தும் வாலும் இடம் மாறிய மயிலைப் பார்த்துச் சிரித்தார். நீலப் பூவைப் பார்த்து, "ஆத்தாடி, இதுல எப்புடி உக்கார்றது!" என்று மூக்கில் விரலை வைத்தார். பிறகு பேசின் முன்னால் போய் நின்றார்.

"எங்க, வெந்நிக் கொழா எது?"

அப்பா காட்டினார். "தொறந்து பாருங்க சம்பந்தி" என்று, ஏதோ தூரத்தில் இருப்பவரிடம் சொல்வது போலச் சத்தமாகச் சொன்னார். அத்தை திருகினார். குழாய் இருமியது. கொஞ்சம் காற்று, கொஞ்சம் துரு, அப்புறம் தண்ணீர். அத்தை கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். பேசினிலிருந்து ஆவி எழும்பி, அந்த மழை நாளின் குளிரில் எங்கள் முகத்தில் படிந்தது. அப்பாவின் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது.

"நேத்தைய வெயில டிரம்மு பிடிச்சு வச்சிருக்கும்" என்றார் அவர், கடைசியில்.

"புள்ளைக்கி வெந்நிக் கவலை இல்ல" என்றார் அத்தை. அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

ஆவணியில் வளையல் போட்டு அக்காவை அழைத்து வந்தோம். ஐப்பசி அடைமழையில் மகேஷ் பிறந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல், தை பிறந்து அவர்கள் திரும்பிப் போகும் வரை, மேகம் கலையாத நாட்களிலும் 'ஹாட்' குழாயில் காலையில் வெந்நீர் வந்தது. அந்த டிரம்மைப் பற்றி நான் கல்லூரியில் பேசியிருக்கிறேன், வேலைக்குச் சேர்ந்த அலுவலகத்தில் பேசியிருக்கிறேன், கல்யாணமான புதிதில் என் கணவரிடம் பேசியிருக்கிறேன். மழையில் எப்படி என்று அவர் ஒரு முறை கேட்டார். உங்களுக்கு எங்கள் அப்பாவைத் தெரியாது என்று சொல்லி அவர் வாயை அடைத்துவிட்டேன்.

அப்பா போய் நான்கு வருடமாகிறது. கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. கறுப்பு டிரம் துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது. பூப்போட்ட பீங்கானில் விரிசல் விழுந்து எப்போதோ மாற்றியாகிவிட்டது. பெரிய வீட்டைப் பிரித்த மனையில் கருவை மண்டிக்கிடக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டதால், பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் ஒரு சின்ன கீசரும் வைக்கலாம் என்று சென்ற மாதம் பிளம்பரை அழைத்தோம். கைக்கு அடக்கமான செலவில் முடிக்க வேண்டும் என்பதால், பேசினையும் பித்தளைக் குழாய்களையும் அப்படியே விட்டுவிட்டு, சுவருக்குள் இருக்கும் பழைய பைப்பை மட்டும் மாற்றச் சொன்னேன். அதற்காக அடுப்படியில் இருந்த அரிசி அலமாரியை நகர்த்தினோம்.

அலமாரிக்குப் பின்னால், என் தோள் உயரத்தில், சுவரிலிருந்து ஒரு குழாயின் வாய் நீட்டிக்கொண்டிருந்தது.

பிளம்பர் தம்பி அதைத் தட்டிப் பார்த்துவிட்டு வெளியே போய், சுவரோரத்தில் மண்ணேறிக் கிடந்த ஒரு வால்வைக் கண்டுபிடித்தார். "அக்கா, நல்ல வேலையா இருக்கே இது. அங்குட்டு அந்த வால்வ மூடிப்புட்டு, இங்குட்டு நின்னு வெந்நிய ஊத்துனா, நேரா அந்த ஹாட் கொழாயில வருது" என்றார்.

நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், தலையை நிமிர்த்தவில்லை. விறகு பொறுக்கிய அந்த நாள், சாத்திய கதவு, பணியாரம், எல்லாம் எனக்கு ஒரே நேரத்தில் விளங்கியது.

"ஐப்பசியில சூரியன் எங்குட்டு வரும்?" என்றாள் அம்மா. "டிரம்முக் கொழாயப் பதிச்சுப் பூசுறப்பவே கொத்தனார்ட்டச் சொல்லி வச்சிட்டேன். உங்கப்பாட்ட மூச்சு விடல. சைக்கிளையும் குடுத்துப்புட்டு, அந்த டிரம்ம ஏத்திப்புட்டு, எம்புட்டுப் பெருமையா நின்னாக. அதப் போயி கெடுக்கவா? விடியக் கருக்கல்ல எந்திரிச்சு ரெண்டு பானை காய்ச்சி ஊத்துவேன். அவுகளுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது."

மூன்று மாதம், தினமும். சூரியனை டிரம்முக்குள் பிடித்து வைத்தவரைப் பார்த்து வாய் பிளந்து நின்ற நான், சுவருக்கு அந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்று ஒரு நாளும் எட்டிப் பார்க்கவில்லை.

பிளம்பர் தம்பி குழாயின் வாயிலிருந்து அடைப்பைப் பிடுங்கி என் கையில் கொடுத்தார். சைக்கிள் ட்யூபைப் பட்டை பட்டையாக வெட்டி, இறுக்கிச் சுற்றி, பஞ்சருக்கு ஒட்டுகிற பசை தடவி, விளிம்பை அரத்தால் ராவி வழவழப்பாக்கியிருந்தது. நான் அதை அம்மாவிடம் நீட்டினேன்.

"இது என்னது?" என்றாள். "நான் பழைய சேலத் துணியத்தான சொருகி வச்சிருந்தேன்."

"அலமாரிய இங்க நகத்தி வச்சது யாரும்மா?"

"உங்கப்பாதான். செல்வி புள்ளையத் தூக்கிக்கிட்டுப் போன மறுநாளு…"

அம்மா நிறுத்திவிட்டாள். கீரைக்கட்டை மடியிலிருந்து கீழே வைத்துவிட்டு, அந்த ரப்பரை வாங்கி, அரம் பட்ட விளிம்பைக் கட்டை விரலால் தடவிக்கொண்டே வெகுநேரம் இருந்தாள். பிளம்பர் தம்பி சிமெண்டை வைத்து ஓட்டையை அடைத்துவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று கையை ஆட்டினாள். பிறகு மெதுவாக எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, அந்த அடைப்பை இருந்த இடத்திலேயே வைத்து அழுத்தினாள்.

"அவுகள நான் ஏமாத்திப்புட்டேன்னுல்ல இத்தன வருசமா நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றாள்.