டீசல் என்ன தண்ணியா?

மந்தைவெளியில் மாவுக் கடை பொன்மணியைத் தெரியாதவர்கள் இல்லை. அவளிடம் மாவு வாங்கலாம், வாயைக் கொடுக்கக் கூடாது. "நேத்து மாவு கொஞ்சம் புளிச்சிருந்துச்சே" என்று யாராவது முனகினால் போதும், "உன் வூட்ல ஃப்ரிட்ஜ் இன்னா, பொட்டு வெச்சு சாமி கும்பிடவா வெச்சிகீற?" என்று கேட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். மறதி என்ற வியாதி அவளுக்குக் கிடையாது. கல்யாணப் பந்தியில் தனக்கு இடம் போடாத நாத்தனாரை இன்றைக்கும் வாசலிலேயே நிற்க வைத்துப் பேசி அனுப்புகிறாள்.

ஆனால் அவள் நெஞ்சில் பாய் போட்டு உட்கார்ந்திருந்தவர் ஒருவர்தான், பக்கத்து வீட்டு ரகுபதி. வீட்டோடு சேர்ந்த அவள் கடைக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே நெஞ்சு உயரத்துக்கு ஒரு மதில். அந்த மதிலுக்கு அவர் ஒரு நாள் வர வேண்டும், ஒரே ஒரு வயர் கேட்க வேண்டும், தான் இல்லை என்று சொல்ல வேண்டும். மூன்று வருஷமாகப் பொன்மணி சாமியிடம் கேட்டதெல்லாம் இவ்வளவுதான்.

காரணம் அவள் புருஷன் அசோகன். வடக்கே ஓர் அனல்மின் நிலையத்தில் அவன் காண்ட்ராக்ட் ஆள். விடிகாலையில் பறக்கும் ரயில் பிடித்து பீச் ஸ்டேஷன் போய், அங்கிருந்து கும்மிடிப்பூண்டி வண்டி ஏறுவான். எரிந்த நிலக்கரியின் சாம்பலை அள்ளுகிற இடத்தில் வேலை. வீடு திரும்பும்போது புருவம்கூட நரைத்துக் கிழவனாக வருவான், குளித்தால் மறுபடி வாலிபன். சாப்பிட்டுவிட்டு கிரைண்டர் பக்கத்தில் உட்கார்ந்து கதை அளப்பான்.

"கரண்டுன்றது ஒண்ணும் மாயமில்லமே. ஒரு சக்கரத்த சுத்தணும், அவ்ளோதான். எங்காண்ட நிலக்கரி எரியுது, தண்ணி கொதிச்சு ஆவியாவுது, ஆவி சக்கரத்த சுத்துது. கல்பாக்கத்துலயும் ஆவிதான், அடுப்புதான் வேற. மேட்டூர்ல தண்ணியே வந்து சுத்திட்டுப் போவுது. ஆரல்வாய்மொழில காத்து சுத்துது."

"அங்க சக்கரம் சுத்துனா கரண்டு, இங்க கரண்டு வந்தா என் கல்லு சுத்துது. அப்ப நீ அங்க சுத்தறதத்தான் நான் இங்க அரைச்சிக்கினு கீறேன்" என்பாள் பொன்மணி. அவனுக்கு அது ரொம்பப் பிடிக்கும். நிலக்கரி ஒரு நாள் தீர்ந்துபோகும், காற்றும் வெயிலும் தீராது, அன்றைக்கு எனக்கு வேலை போய்விடும் என்று சிரிப்பான். நிலக்கரி அப்படியே இருக்கிறது, அவன் நுரையீரல்தான் முதலில் தீர்ந்துபோனது.

கடைசி வருஷம் கட்டிலோரம் ஓர் ஆக்சிஜன் மெஷின் வந்தது. சுற்றியுள்ள காற்றை இழுத்து, மூச்சுக்கு வேண்டியதைப் பிரித்துத் தரும். அதற்கும் கரண்ட் வேண்டும். ஒரு மே மாத நடுப்பகலில், மழைநீர் வடிகாலுக்குப் பள்ளம் தோண்டியவர்கள் பூமிக்கடியில் கேபிளை வெட்டிவிட்டார்கள். தெரு முழுக்க கரண்ட் போனது. மெஷின் ஒரு முறை கூவிவிட்டு நின்றது. ரகுபதி வீட்டில் மட்டும் பச்சைப் பெட்டி ஜெனரேட்டர் தடதடவென்று ஓடியது, மாடி அறை ஏசிக்காக. பொன்மணி மதிலுக்கு ஓடினாள்.

"சார், ஒரே ஒரு வயர் குடு சார். அவருக்கு மூச்சு வாங்குது."

ரகுபதி தூக்கம் கலைந்த எரிச்சலோடு வந்து நின்றார். "உனக்குக் குடுத்தா தெருவே வந்து நிக்கும்மா. டீசல் என்ன தண்ணியா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். பின்னால் நின்ற அவர் மனைவி வைதேகி ஏதோ சொல்ல வாயெடுத்தாள், சொல்லவில்லை. ஊருக்கெல்லாம் வெளிச்சம் அனுப்பிய மனுஷனுக்கு ஒரு வயர் கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன ஆட்டோ லஸ் முனையைத் தாண்டுவதற்குள் அசோகன் போய்விட்டான்.

பொன்மணி மதிலேறி மண்ணை வாரித் தூற்றுவாள் என்று தெரு காத்திருந்தது. அவள் வாயே திறக்கவில்லை. அவள் கோபம் எரித்தால் தீருகிற நிலக்கரி ஜாதி இல்லை, வெயில் ஜாதி. தினமும் காலையில் புதிதாக வரும்.

போன வருஷம் ரகுபதி மொட்டை மாடியில் சோலார் பலகைகள் போட்டார். போட்ட கையோடு தெருவில் நின்று உபதேசம் செய்தார். "இனிமே நம்ம வீட்டுக்கு நிலக்கரியே வேண்டாம். புகை கிடையாது, சாம்பல் கிடையாது. எல்லாம் சூரியன் பாத்துப்பான்." சாம்பல் என்ற சொல்லை அந்த வாயில் கேட்டபோது பொன்மணிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அந்த வாரமே, இனி எதற்கு என்று ஜெனரேட்டரை விற்க ராயப்பேட்டை மெக்கானிக் ஹபீபுர் ரஹ்மானை வரவழைத்தார். வண்டியில் ஏற்றுகிற நேரத்தில் பொன்மணி போய் மறித்தாள்.

"பாய், இத எனக்குக் குடு."

"எதுக்குக்கா? கிரைண்டருக்கா?"

"ஆமா, கிரைண்டருக்குத்தான்." வாய் கூசாமல் பொய் சொல்லி, கையிலிருந்த சீட்டுப் பணத்தை எடுத்து நீட்டினாள்.

ஹபீபுர் ரஹ்மான் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு சொல்லட்டா? சார் பேட்டரி வெக்கலக்கா. மாடில வர்ற கரண்டு நேரா ஈபி லைனோட கலக்குது. லைன் செத்தா இதுவும் தானா படுத்துக்கும். இல்லாங்காட்டி கம்பத்துல வேலை செய்யறவனுக்கு ஷாக் அடிச்சிடும்ல? பேட்டரி வெய்யின்னு சோலார் கம்பெனிக்காரன் தலபாடா அடிச்சிக்கினான். கரண்ட் போனா வெயிலுமா போயிடும்னு கேக்கறாரு சாரு."

அன்றைக்கே அவள் ரகுபதியிடம் போய் எச்சரித்திருக்கலாம். மாட்டேன் என்று இருந்துவிட்டாள். பச்சைப் பெட்டியை மதிலோரத் திண்டின் மேல், அவர் கண்ணில் படும்படி நிறுத்தினாள். தினமும் துடைத்தாள். துடைக்கும்போதெல்லாம் மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள், "டீசல் இன்னா தண்ணியா, சார்?" யானைக்கொரு காலம் வந்தால் பூனைக்கொரு காலம் வராமலா போகும்?

டிசம்பரில் புயல் வந்தது. தெருவில் முழங்கால் தண்ணீர், கரண்ட் கிடையாது. மறுநாள் மழை விட்டு, தண்ணீர் வடிந்து, வெயில் பளீரென்று அடித்தது, கரண்ட் மட்டும் வரவில்லை. ரகுபதி மாடிக்குப் போய்ப் பலகைகளைப் பார்த்தார், துணியால் துடைத்தார், தட்டினார். கீழே இறங்கிப் பார்த்தால் ஃபேன் அசையவில்லை. மறுபடி மேலே ஏறினார். கடை வாசலிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்த பொன்மணிக்குக் கல்யாணத்தன்றுகூட அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

பச்சைப் பெட்டியை முடுக்கினாள். தெருவைப் பார்த்துக் கத்தினாள். "வாங்க, அல்லாரும் வாங்க! போன் சார்ஜ் போட்டுக்குங்க. தண்ணி ஏத்தணுமா, முறை வெச்சு வயர் இழுத்துக்குங்க. காசு வேணாம்." தெருவே வந்து நின்றது. எதிர்வீட்டுக் கோமளம் மோட்டார் போட்டு, தொட்டியை நிரப்பி, பக்கத்துப் போர்ஷனுக்கும் தண்ணீர் கொடுத்தாள். கொடுத்தால் தெருவே வரும் என்றாரே, வந்திருக்கிறது, அவர் கண்ணால் பார்க்கட்டும். ஒரு வீட்டுக்கு மட்டும் வயர் போகவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் ரகுபதி மதிலுக்கு வந்தார். "பொன்மணி, ஒரு வயர் குடேன்மா. டேங்க்ல சொட்டுத் தண்ணி இல்ல."

பொன்மணி அவசரப்படவில்லை. மாவுக் கையைக் கழுவினாள், முந்தானையில் துடைத்தாள், நிதானமாக மதிலருகே போனாள்.

"டீசல் இன்னா தண்ணியா, சார்?"

ரகுபதியின் முகம் மலர்ந்தது. "அதானே! நான் சும்மாவா கேப்பேன்? எவ்வளவுன்னு சொல்லு, தந்துடறேன்."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. சரியாகக் காதில் விழவில்லையோ என்று இன்னொரு முறை, இன்னும் அழுத்திச் சொன்னாள். அவர் சட்டைப் பையைத் தடவினார்.

"எங்க வூட்டுக்காரர ஞாபகம் கீதா உனக்கு?"

"அசோகன்தானே? தங்கமான மனுஷன். பாவம், கொரோனாவுலதானே போனான்?"

மூன்று வருஷம் ராவும் பகலும் அவள் கறுவியது இந்த ஆளை நினைத்து. இந்த ஆளுக்கோ அப்படி ஒரு நாள் வந்துபோனதே தெரியவில்லை. இவரை இருட்டில் வைத்து என்ன பயன்? நாளைக்கு கரண்ட் வந்ததும் இதையும் மறந்துவிட்டு ஏசி போட்டுத் தூங்குவார். பொன்மணிக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு, தானே ஒரு வயரை எடுத்து மதிலுக்கு மேலே நீட்டினாள்.

"புடி சார். காசு வேணாம்."

அவர் வாங்கிக்கொண்ட பிறகு சொன்னாள். கத்தவில்லை, ஆனால் போனும் கையுமாக நின்ற தெரு முழுக்கக் கேட்டது. அந்த மே மாத மத்தியானம், நின்றுபோன மெஷின், மாடியில் ஓடிய ஏசி, அவர் சொன்ன வார்த்தை, ஆட்டோ லஸ் தாண்டாதது, எல்லாவற்றையும் சொன்னாள். "கொரோனாவுல போவல சார் அவரு. உன் கைல கீது பாரு, அந்த வயரு இல்லாமதான் போனாரு."

ரகுபதிக்கு வயரைப் பிடித்திருக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. "நான் அப்படியா சொன்னேன்?" என்று மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"சொன்னீங்க" என்றாள் வைதேகி. "நான் பின்னாலதான் நின்னேன்." அவர் கையிலிருந்த வயரை வாங்கிக்கொண்டு அவளே உள்ளே போனாள்.

இருட்டிய பிறகு வைதேகி மறுபடி மதிலுக்கு வந்தாள். கையில் வயர் சுருட்டியிருந்தது. "தண்ணி ஏத்தியாச்சு பொன்மணி, போதும். அவர் லைட்டே வேண்டாங்கறார். இந்த ஜெனரேட்டர் சத்தம் கேக்கக் கேக்க அவரால உக்கார முடியல." வயரை மதிலுக்கு மேல் நீட்டினாள்.

பொன்மணி கையை நீட்டவில்லை. "எட்த்துனு போய் திரும்ப சொருகுமா. லைட்டு எரியட்டும், ஃபேன் சுத்தட்டும். விடியற வரிக்கும் அணைக்காத."

"டீசல் ஆகுமே பொன்மணி."

"அதப் பத்தி நீ கவலப்படாத. நான் ஊத்திக்கினே இருப்பேன்."