மொய்க்குப் பதில் கேஸ் டியூப்

அந்தமானின் பேம்பூஃப்ளாட்டில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் ஐயாவு மொய் எழுதமாட்டார். வண்ணத்தாள் சுற்றிய பொட்டலம் ஒன்றைத்தான் நீட்டுவார். உள்ளே என்ன இருக்கிறதென்று பிரிக்காமலே ஊருக்குத் தெரியும்: ஆரஞ்சு நிறக் கேஸ் டியூப். கொடுத்துவிட்டு இறங்கினாலாவது பரவாயில்லை, அதில் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதியை மேடையிலேயே புதுமாப்பிள்ளைக்குக் காட்டிக்கொண்டிருப்பார். பின்னால் வரிசை நெளியும். அவர் மனைவி ராசம்மா, யாரோ எவரோ என்பதுபோல் வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள்.

போன மாதம் எழுபதாவது வயதில் அவர் காலமானார். துக்கம் கேட்க வந்தவர்கள்கூட இந்தக் கதையைத்தான் சொல்லி, சிரிப்பை அடக்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார்கள். ராசம்மாவிடம் இருந்ததோ வேறு கதை.

சிலோனிலிருந்து வந்து கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவரின் மகன் ஐயாவு. தீயணைப்புத் துறையில் முப்பத்தைந்து வருடம். ஹட் பே, ரங்கத் என்று எங்கே மாற்றினாலும் மறுபேச்சில்லாமல் போனார். ஓய்வு பெற்ற அன்று கழுத்து மாலையோடு பக்கத்து வீட்டு அடுப்படிக்குள் நுழைந்தவர், சாகும்வரை யார் வீட்டு அடுப்படியையும் விடவில்லை. சோப்பு நுரையைத் தொட்டு டியூபில் தடவிப் பார்ப்பார். குமிழி வராவிட்டாலும், பழசென்றால் கழற்றிவிடுவார். புதுசு அவர் செலவு. பென்ஷன் வந்தால் முதலில் போவது கேஸ் கடைக்குத்தான். ஒருமுறை பக்கத்துத் தெரு முனியாண்டியின் வீடு எரிந்து சாம்பலானபோது தன் கட்டிலையே தள்ளுவண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். ராசம்மா அப்போதுதான் அதிலிருந்து எழுந்து டீ போடப் போயிருந்தாள்.

அதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். மகள் புஷ்பாவின் விஷயத்தில்தான் முடியவில்லை. இருபத்தொன்பது வயது. இரண்டு வரன்கள் கைகூடி வந்து நழுவியிருந்தன. பெண்ணைப் பெற்றவர் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போய், குத்தவைத்து சிலிண்டரை முகர்ந்துகொண்டிருந்தால் யாருக்குத்தான் பிடிக்கும்? மூன்றாவதாக ரங்கத்திலிருந்து ரவிக்குமார் என்ற வாத்தியார் அமைந்தார். அவரைப் பிடித்திருப்பதாகப் புஷ்பா வாய்விட்டுச் சொல்லவில்லை. போனைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பே போதுமானதாக இருந்தது. இதுவும் போனால் பிள்ளை தாங்கமாட்டாள் என்று ராசம்மாவுக்குப் பயம்.

மாப்பிள்ளை வீடு பார்க்கப் போன ரங்கத் பஸ்ஸில் வழி முழுக்க ராசம்மாவுக்கு ஒரே பேச்சுதான்.

"ஹாலோட இருக்கணும். அடுப்படிப் பக்கம் தலைய நீட்டினீங்க, நான் அடுத்த பஸ்ஸுலயே திரும்பிருவேன்."

"டீக் ஹை, ராசம்மா. சரி."

"டியூப் எதுவும் எடுத்துட்டு வரலையே?"

"இல்லவே இல்ல," என்றவர், மடியிலிருந்த பையை ஜன்னல் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

ரவிக்குமாரின் அம்மா வசந்தகுமாரி கணவனை இழந்தவர், கறாரான பேச்சுக்காரர். கேசரியும் டீயும் வந்தன. ஐயாவு கால்மணி நேரம் தாக்குப்பிடித்தார். ஜாதகப் பேச்சு மும்முரமாக இருந்தபோது ராசம்மா திரும்பிப் பார்த்தாள். பக்கத்து நாற்காலி காலி. வசந்தகுமாரியும் பார்த்துவிட்டார். இருவரும் அடுப்படிக்குப் போனபோது, ஐயாவு சிலிண்டர் முன்னால் உட்கார்ந்து பழைய டியூபைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, ஒங்க பொண்ணு வந்து சமைக்கிற அடுப்பு சரியா இருக்கான்னு செக்கிங்கா?" என்றார் வசந்தகுமாரி. "இன்னும் பேச்சே முடியல."

மூன்றாவதும் போயிற்று என்றே ராசம்மா முடிவு கட்டிவிட்டாள்.

ஐயாவு நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எம்பொண்ணு வர்றதுக்கு நாளிருக்கும்மா. நாளைக்குக் காலைல இந்த அடுப்புகிட்ட நிக்கப்போறது நீங்கதானே? டியூபு தேதி முடிஞ்சு ரெண்டு வருசமாச்சு."

ஐயாவு புது டியூபை மாட்டி, நுரை தடவிப் பார்த்து, கையைத் துடைத்துக்கொள்ளும்வரை வசந்தகுமாரி அங்கேயே நின்றார்.

"பின்னாடி இன்னொரு அடுப்பு இருக்குண்ணே. அதையும் பாத்துருங்க."

பையில் இரண்டாவது டியூபும் இருந்தது. தை மாதம் கல்யாணம் நடந்தது.

ஐயாவு இறந்த அன்று வசந்தகுமாரி ரங்கத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். அவர் அழுத அழுகையைப் பார்த்து, அதுவரை வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்த ராசம்மாதான் போய்த் தேற்ற வேண்டியதாயிற்று.

"சமைச்சுப் போடுன்னு சொல்றதுக்கு வீடு நெறைய ஆளிருக்கு சம்பந்தி," என்றார் வசந்தகுமாரி. "அந்த அடுப்புகிட்ட பாத்து நில்லுங்கம்மான்னு சொன்னது அவரு ஒருத்தருதான்."

ராசம்மாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.